ஆட்டிசக் குழந்தைகளும் கோடை முகாமும்

விளையாட்டு குழந்தைகளின் பிறப்புரிமை. இடைவேளை மணி ஒலித்ததும் திடலை நோக்கி ஓடும் மாணவர்களைக் காணும்போது, அவ்வுரிமை எல்லாருக்கும் எளிதில் கிட்டிவிட்டது என்றே நமக்குத் தோன்றும். ஆயினும், திடலின் ஓரத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டு தனியே நிற்கும் பிள்ளைகளும் உளர். பிறருடைய கூச்சல் அவர்களுக்கு வேதனையாகிறது. விளையாட்டின் விதிகள் விளங்காமல் அவர்கள் திகைக்கின்றனர். ஊரார் பேச்சுக்கு அஞ்சிய பெற்றோர் சிலர், அத்தகைய பிள்ளைகளை வீட்டிற்குள்ளேயே வைத்துக் காக்கின்றனர். ஆட்டிசம் உடைய இப்பிள்ளைகளைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று மகிழ்விக்கும் வழியை அமெரிக்க நாட்டின் கோடை முகாம்கள் சில காட்டியுள்ளன. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டிசம் என்றால் என்ன?

மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் ஆட்டிசம் ஒரு தொற்றுநோயன்று. மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடாகும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கேனர், தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றி 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையே இதனை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார்.

இவர்களுள் சிலர் நன்கு பேசுவர். சிலர் ஒரு சொல்லும் பேசார். பிறரோடு பழகுவதும் தம் எண்ணத்தை வெளியிடுவதும் இவர்களுக்குக் கடினம். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவை சிலருக்கு அளவுக்கு மீறித் தாக்கும். நாள்தோறும் பழகிய ஒழுங்கு சற்றே மாறினாலும் மனம் கலங்குவர்.

தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று கற்றறிந்தோரும் ஒரு காலத்தில் கூறினர். தாமே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர் 1964இல் நூல் எழுதி அதனை மறுத்தார். மரபுவழிக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதை 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு காட்டிற்று. ஆகவே, பெற்றோரைப் பழிப்பதும், செய்வினை என்றும் முற்பிறவிப் பாவம் என்றும் பேசுவதும் அறியாமையே ஆகும்.

விடுமுறையின் தொல்லை

அமெரிக்காவில் கோடைக் காலத்தில் பள்ளிகளுக்கு ஏறத்தாழ பத்து வாரங்கள் விடுமுறை. மற்றப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பள்ளியின் கால ஒழுங்கைப் பற்றுக்கோடாகக் கொண்ட ஆட்டிசப் பிள்ளைக்கோ அது திசை தெரியாத காலம். காட்டிலும் ஏரிக்கரையிலும் தங்கி விளையாடும் கோடை முகாம்கள் அந்நாட்டில் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. ஆனால், பொது முகாம்களின் இரைச்சலும் விரைவும் இப்பிள்ளைகளுக்கு ஒத்துவருவதில்லை.

வட கரோலினா மாநிலத்துப் பெற்றோர் 1970இல் ஒன்றுகூடி ஆட்டிசச் சங்கம் ஒன்றை நிறுவினர். அச்சங்கம் பிட்ஸ்பரோ என்னும் ஊரின் அருகே, ஏறத்தாழ 130 ஏக்கர் நிலப்பரப்பில் ராயல் முகாமை நடத்தி வருகிறது. சிறுவர் மட்டுமல்லர், வளர்ந்தோரும் அங்கு வந்து தங்குகின்றனர். நீச்சல், படகோட்டம், காட்டுவழி நடை, கைவினை என எல்லாம் அங்கு உண்டு.

முகாம் நடைபெறும் முறை

பிள்ளையை இடத்திற்கேற்ப வளைக்காமல், இடத்தைப் பிள்ளைக்கேற்ப அமைப்பதே இத்தகைய முகாம்களின் அடிப்படைக் கொள்கையாகும். இதற்குத் துணை நின்றது, எரிக் ஷோப்லர் என்பவரின் முயற்சியால் 1972இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மாநிலத் திட்டமாகத் தொடங்கப்பட்ட 'டீச்' என்னும் கல்விமுறை. ஆட்டிசம் உடையோருள் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை எளிதில் புரிந்துகொள்வர் என்பதை அம்முறை தன் அடித்தளமாகக் கொண்டது.

ஆதலின், அன்றைய வேலைகள் படங்களாக வரிசைப்படுத்தி வைக்கப்படுகின்றன. முதலில் காலையுணவு, அடுத்து நீச்சல், பின்னர் ஓய்வு. ஒன்று முடிந்ததும் பிள்ளை அப்படத்தை எடுத்து அப்புறப்படுத்துகிறது. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்தவுடன் அச்சம் தணிகிறது. விளையாட்டை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அறிவிப்புக் கொடுக்கப்படுகிறது. ஒரு பிள்ளைக்கோ இரண்டு பிள்ளைகளுக்கோ ஒரு பயிற்சியாளர் வீதம் உடனிருக்கிறார். ஓசை பொறுக்காத பிள்ளை ஒதுங்கி அமர அமைதியான மூலை ஒன்றும் உண்டு. விருப்பமில்லாத விளையாட்டில் எவரையும் வற்புறுத்துவதில்லை.

இதனால் பெற்றோருக்கும் நன்மை உண்டு. இரவு பகலாகக் கண்விழித்துக் காத்த தாய்தந்தையர் சில நாள் ஓய்வு பெறுகின்றனர். மற்றப் பிள்ளைகளுடன் பேசி மகிழவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

நீரின் ஈர்ப்பும் ஆபத்தும்

இப்பிள்ளைகளுள் பலருக்குத் தண்ணீர் மிகவும் பிடிக்கும். கலிபோர்னியாவைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ், ஆட்டிசம் உடைய தம் மகன் அலைகளின்மீது அமைதி அடைவதைக் கண்டார். தம் துணைவியாருடன் சேர்ந்து 1996இல் 'சர்ஃபர்ஸ் ஹீலிங்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். தேர்ந்த வீரர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் செல்கின்றனர். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அதே தண்ணீர் எமனாகவும் ஆகலாம். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதிற்குப் பின் ஒரு முறையேனும் பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியேற முயன்றனர் என்று கூறுகிறது. அவ்வாறு காணாமற்போனவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நீரில் மூழ்கும் ஆபத்தைச் சந்தித்தனர். எனவே, இப்பிள்ளைகளுக்கு நீச்சல் வெறும் பொழுதுபோக்கன்று. அஃது உயிர்காக்கும் கல்வி. நீச்சல் கற்ற பின்னரும் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

நாம் செய்யக்கூடியவை

முகாம் ஆட்டிசத்தைப் 'போக்கிவிடும்' என்று எவரும் எண்ணலாகாது. மகிழ்ச்சி, உடல்நலம், தன்னம்பிக்கை ஆகியவற்றை அது வளர்க்கும். அதுவே பெரும் பேறன்றோ!

இவற்றுட் பல பணம் வேண்டாத வழிகள். பள்ளி விடுமுறையில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லுமுன், போகும் இடத்தின் படத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம். அன்றைய வேலைகளை ஓர் அட்டையில் வரைந்து கொடுக்கலாம். கூட்டம் குறைந்த காலை வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். தோட்டங்களில் வாழ்வோர் வீட்டருகே உள்ள குட்டை, கால்வாய் ஆகியவற்றில் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். தக்க அறிவுரை பெற விரும்பும் பெற்றோர், 1980களில் தொடங்கப்பட்ட மலேசிய தேசிய ஆட்டிசச் சங்கத்தை நாடலாம்.

மாணவச் செல்வங்களே! திடலோரத்தில் தனியே நிற்கும் தோழனைக் கண்டால் கேலி செய்யாதீர். உரக்கக் கூவாமல் அருகில் சென்று, பந்தைக் காட்டி அழையுங்கள். அவன் உடனே வராவிடினும் வருந்தாதீர், மறுநாளும் அழையுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை ஊரார்முன் அழைத்து வர வெட்கப்பட வேண்டியதில்லை. வானமும் மரநிழலும் பசும்புல்லும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானவை. அவற்றை அவர்களும் துய்க்குமாறு வழிவிடுவது நம் அனைவரின் கடமையாகும்.