முப்பது லீ சுற்றளவுள்ள ஊர்

காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயில். தென்கிழக்கே, சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் வரும். அதையே விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். சுற்றளவு 14 கிலோமீட்டர் சொச்சம். கி.பி. 640 வாக்கில் இங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இந்த நகரத்தின் சுற்றளவு சுமார் 30 லீ என்று குறித்துவைத்தார். லீ என்பது அக்காலச் சீனத்துத் தூர அளவு, அரை கிலோமீட்டரை ஒட்டியது. கணக்குப் போட்டால் 14, 15 கிலோமீட்டர்! கைலாசநாதர் கோயில் எழும்புவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே வந்துபோனவர் அவர். நகர எல்லை அன்று எந்த வழியாக ஓடியது என்பது வேறு கேள்வி. ஊரின் பருமன் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு யுவான் சுவாங் பழகிய பெயர். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக அவரைக் கடந்தவர்களும் உண்டு. அவர் பயணம் எப்படி நடந்தது என்று பார்த்தால் அந்த ஒரு வரி போதவே போதாது. தூதுவர் என்ற பட்டம் அவருக்கு இல்லை. சொந்த அரசின் அனுமதிகூட இல்லை. எல்லை தாண்டக் கூடாது என்று தடை இருந்த நேரத்தில், 629ஐ ஒட்டி, ரகசியமாகக் கிளம்பினார். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டிப்போக, நான்கு இரவும் ஐந்து பகலும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனதாக அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் ஹுயீலி சொல்கிறார். அப்படிக் கிளம்பியவர் 645இல் 657 நூல்களோடு ஊர் திரும்பினார்.

கையில் பணமில்லாமல் இத்தனை ஆண்டு ஊர் சுற்ற முடியுமா? இங்கேதான் காஞ்சிக்காரர்களுக்கு மிகவும் தெரிந்த ஒரு பொருள் கதைக்குள் வருகிறது: பட்டு. இன்றைய துர்பான் பக்கத்தில் காவோசாங் என்றொரு சிற்றரசு. அதன் அரசர் சூ வெந்தாய் இவரை அங்கேயே தங்கவைக்கப் பார்த்தார். யுவான் சுவாங் சாப்பிடாமல் கிடந்து விடுதலை வாங்கினார். மனம் மாறிய அரசர் வழிச்செலவுக்குக் கொடுத்த பட்டியலைப் பாருங்கள். தங்கம், 30,000 வெள்ளிக் காசு, 500 சுருள் பட்டு. இருபது ஆண்டுப் பயணத்துக்குப் போதும் என்று கணக்கிட்டுக் கொடுத்தது இது. வழியில் உள்ள அரசர்களுக்கு 24 கடிதங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு சுருள் பட்டு. மேற்குத் துருக்கியரின் அரசரான ககானுக்குத் தனியாக இன்னும் 500 சுருள்.

அன்று சீனத்தை ஆண்ட தாங் அரசில் பட்டுச் சுருளுக்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு: நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பரப்பளவில் அது நம் காஞ்சிப் பட்டுப் புடவை ஒன்றை நெருங்கும். ஆக, அந்த இளம் துறவி ஒட்டகப் பாதையில் கொண்டுபோனது ஆயிரத்துச் சொச்சம் புடவைக்கான பட்டு. சீனத்தில் வரி கட்டவும் சம்பளம் கொடுக்கவும் பட்டே காசாகப் புழங்கிய காலம் அது. செம்புக் காசைவிட எடை குறைவு, போகிற இடமெல்லாம் மதிப்பு. கடிதம் அவர் யார் என்று சொன்னது. பட்டு அவரை மதிக்க வைத்தது. கடவுச்சீட்டும் பயணக் காசோலையும் ஒரே மூட்டையில் இருந்தன.

பாலைவனம் தாண்டி இந்தியாவுக்குள் நுழைந்ததும் வேறொரு ஏற்பாடு கைகொடுத்தது: விகாரைகள். துறவிக்குச் சாப்பாடு, படுக்கை, பேச்சுத்துணை, அடுத்த ஊருக்கு வழி நான்கும் அங்கே கிடைக்கும். நாளந்தாவில் ஆண்டுக்கணக்கில் தங்கி வடமொழியில் ஆழ்ந்தவருக்கு எந்த விகாரையிலும் பேச்சு தடைப்படவில்லை.

என்னை அதிகம் வியக்கவைப்பது அவர் குறிப்பெடுத்த முறைதான். 646இல் அவர் சொல்ல, பியன்ஜி என்ற துறவி தொகுத்த ‘மேற்குப் பகுதிகளின் பதிவுகள்’ 12 பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்: நாட்டின் சுற்றளவு, தலைநகரின் சுற்றளவு, மண், தட்பவெப்பம், மக்களின் குணம், விகாரைகள், துறவிகள், தேவர் கோயில்கள், முந்தைய ஊரிலிருந்து திசை, தூரம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு ஒரே படிவத்தை நிரப்புவார்களே, அதே ஒழுங்கு. நூலின் முன்னுரை இன்னொன்றும் சொல்கிறது: 138 நாடுகளில் 110 நேரில் போனவை, 28 கேள்விப்பட்டவை. நேரில் போன இடத்துக்கு ஒரு வினைச்சொல், காதில் விழுந்த இடத்துக்கு வேறொரு வினைச்சொல் என்று விதி வைத்துக்கொண்டதாக பியன்ஜி நூலின் கடைசியில் விளக்குகிறார். பார்த்தது எது, கேட்டது எது என்று வாக்கியத்திலேயே முத்திரை குத்திவிடும் ஏற்பாடு.

தூர அளவைக்கூட அவர் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு யோசனை என்பது ஒரு சேனையின் ஒருநாள் நடை. அதைப் பழைய கணக்கு 40 லீ என்கிறது, இந்திய வழக்கம் 30 லீ, சமய நூல்கள் 16 லீ என்று மூன்றையும் பதிகிறார். ஒரு யோசனைக்கு எட்டு குரோசம். மாடு கத்தினால் கேட்கும் தூரம் ஒரு குரோசம். ஒரு குரோசத்துக்கு 500 வில், ஒரு வில்லுக்கு நான்கு முழம், ஒரு முழத்துக்கு 24 விரல், ஒரு விரலுக்கு ஏழு வாற்கோதுமை மணி. அதையும் திரும்பத் திரும்ப ஏழால் வகுத்து, இனிப் பிளக்கவே முடியாத நுண்துகள் வரை போகிறது பட்டியல். சோதித்துப் பார்க்கலாம். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு யோசனை 16,000 முழம், அதாவது 7.2 கிலோமீட்டர். அதை 16 லீயால் வகுத்தால் ஒரு லீ 450 மீட்டர். சீன அளவும் இந்திய அளவும் அவர் நோட்டில் அழகாகப் பொருந்திவிடுகின்றன.

இப்போது காஞ்சிப் பக்கத்தைப் புரட்டலாம். திராவிட நாடு, தலைநகர் காஞ்சிபுரம். மண் வளமானது, வெயில் அதிகம், மக்கள் துணிவும் வாய்மையும் உள்ளவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள். நூற்றுக்கு மேல் விகாரைகள், பத்தாயிரம் துறவிகள், எண்பது தேவர் கோயில்கள். ஆடை துறந்த சமயத்தார் மிகுதி. நகருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் பெரிய விகாரை ஒன்று, பக்கத்தில் அசோகர் கட்டியதாகச் சொல்லப்படும் நூறடித் தூபி. இன்று அந்தத் தூபி கண்ணில் படாது. ஆனால் படிவத்தின் மற்றக் கட்டங்களுக்குச் சாட்சி இருக்கிறது. ஆடை துறந்தவர்கள் திகம்பரச் சமணர்கள் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்; வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில்கள் இன்றும் உள்ளன, அந்தப் பகுதிக்கே ஜினகாஞ்சி என்று பெயர். காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த புத்தர் சிலைகளைப் பற்றி 1915இல் து. அ. கோபிநாத ராவ் எழுதினார். அவற்றில் ஆளுயரத்தை மிஞ்சி நிற்கும் புத்தர் ஒன்று இப்போது சென்னை அருங்காட்சியகத்தில். பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ இதே காஞ்சித் தெருவில் நடக்கும் நாடகம். கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன் அதில் பௌத்தத் துறவியோடு மல்லுக்கட்டுகிறான். யுவான் சுவாங் எண்ணிக்கையாகத் தந்த கூட்டத்தை, சில பத்தாண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் மேடையேற்றியிருக்கிறான்.

காஞ்சியிலிருந்து கப்பலேறி இலங்கை போவதுதான் அவர் திட்டம். கடல்வழி மூன்று நாள் என்று ஹுயீலி எழுதுகிறார். காஞ்சியில் கடல் இல்லையே என்று தோன்றும். அறுபது எழுபது கிலோமீட்டர் கிழக்கே, மாமல்லபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இலங்கையின் வடகோடி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பாய்மரக் கப்பல் இரவு பகலாக மணிக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம் நகர்ந்தாலே மூன்று நாளில் சேர்ந்துவிடும். நம்பக்கூடிய கணக்குதான். அந்த நேரம் பார்த்து இலங்கையிலிருந்து முந்நூறு துறவிகள் காஞ்சிக்கு வந்திறங்கினார்கள். அரசர் இறந்துவிட்டார், பஞ்சம், நாடு குழப்பத்தில் என்றார்கள். யோக நூல்களில் தமக்கிருந்த ஐயங்களை அவர்களிடம் கேட்டார் யுவான் சுவாங். நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. பயணத்தை அங்கேயே திருப்பினார். பாண்டிய நாட்டுப் பக்கத்தைப் பற்றிக் காஞ்சியில் கேட்டறிந்ததோடு சரி. இலங்கைத் துறவிகளில் எழுபது பேருக்கு மேல் கூடவர வடமேற்கே நடந்தார். காவோசாங் அரசு வீழ்ந்ததும், கடிதமும் பட்டும் கொடுத்தனுப்பிய சூ வெந்தாய் இறந்ததும், இவர் காஞ்சிக்கு வந்ததாகக் கருதப்படும் அதே 640இல்தான்.

இத்தனை கவனமாக எழுதப்பட்ட நூல் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு கருவியாகவே வேலை செய்தது. 1861 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அதன் திசையையும் தூரத்தையும் பிடித்துக்கொண்டு வட இந்தியாவில் நடந்தார். நாளந்தாவின் இடிபாடுகளை அடையாளம் கண்டது அப்படித்தான். பட்டு பற்றியும் ஒரு புதிர் இதனால் அவிழ்ந்தது. சீன இளவரசி ஒருத்தி கோதான் நாட்டுக்கு மணமாகிப் போகும்போது, தலைப்பாகைக்குள் பட்டுப்புழு முட்டையையும் முசுக்கொட்டை விதையையும் ஒளித்துக் கடத்தினாள் என்ற கதையை யுவான் சுவாங் பதிந்திருக்கிறார். 1900இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் மணலுக்குள் புதைந்த தண்டான் ஊலிக்கில் ஒரு மரப்பலகை ஓவியத்தைத் தோண்டியெடுத்தார். நடுவே கிரீடம் அணிந்த பெண். பக்கத்தில் இருப்பவள் கையை நீட்டி அந்தக் கிரீடத்தைச் சுட்டுகிறாள். கூடை நிறையப் பட்டுக்கூடு, ஓரத்தில் தறி. அந்த விரல் எதைக் காட்டுகிறது என்பதற்கு விடை யுவான் சுவாங்கின் பக்கத்தில் இருந்தது.

காஞ்சியோடு அவருக்கிருந்த உறவு அவர் வந்துபோன நாட்களுக்கு முன்பே தொடங்கியது. சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். காஞ்சியில் ஓர் அமைச்சரின் மூத்த மகனாகப் பிறந்து, அரசகுமாரியுடன் நிச்சயமான திருமணத்தை விட்டுத் துறவியானவர் என்று யுவான் சுவாங்கே எழுதுகிறார். யோகாசாரம், அதாவது நாம் காணும் உலகம் மனத்தின் வழியாகவே உருப்பெறுகிறது என்ற தத்துவத்தில் தர்மபாலர் பேராசான். வசுபந்துவின் முப்பது செய்யுளுக்குப் பத்துப் பேர் எழுதிய உரைகளை 659இல் ஒன்றாக்கிச் சீனத்தில் தந்தபோது, தர்மபாலரின் உரையையே யுவான் சுவாங் முதன்மையாக வைத்தார். அவரிடம் பாடம் கேட்ட ஜப்பானியத் துறவி தோஷோ அதைத் தம் நாட்டுக்கு எடுத்துப்போனார். நாரா நகரத்துக் கோஃபுகுஜி, யகுஷிஜி கோயில்கள் இன்றும் அந்த மரபின் தலைமைக் கோயில்கள். காஞ்சிக்காரர் ஒருவரின் உரையை முதன்மையாகக் கொண்ட நூல்தான் அங்கே அடிப்படைப் பாடம்.