2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்கு நைட்ரஸ்... தாங்குமா?

'தி ஃபாஸ்ட் அண்டு தி ஃப்யூரியஸ்' படம் 2001-ல் வந்தபோது, கார் பிரியர்கள் மனதில் பச்சென்று ஒட்டிக்கொண்டது ஒரு பட்டன். அதை அழுத்தினால் தெருவிளக்குகள் கோடாக நீளும்; கார் ராக்கெட்டாகப் பறக்கும். டிக்கியில் படுத்திருக்கும் ஒரு பாட்டிலிலிருந்து இன்ஜினுக்குப் போகும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுதான் அந்த மாயத்துக்குக் காரணம்.

படம் பார்த்த அமெரிக்கப் பையன்கள் பலரிடம் புது ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. அம்மா ஓட்டி, அக்கா ஓட்டி, கடைசியில் தம்பி கைக்கு வந்த பழைய ஹோண்டா சிவிக்தான் இருக்கும். ஓடோமீட்டரைப் பார்த்தால் ஒன்றரை லட்சம் மைல். நம் கணக்கில் சுமார் 2.4 லட்சம் கிலோமீட்டர். டர்போ பொருத்த ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். நைட்ரஸ் கிட்டோ சில நூறு டாலர்தான். ஒரு சனி, ஞாயிறில் வீட்டு கராஜிலேயே மாட்டிவிடலாம். 'பழைய வண்டிதானே, போட்டுப் பார்ப்போமே' என்ற ஆசை அங்கேதான் துளிர்க்கிறது. அந்த ஆசைக்கு இன்ஜின் என்ன பதில் சொல்லும்?

பல் பிடுங்க வந்த வாயு

நைட்ரஸ் ஆக்ஸைடு பெட்ரோல் மாதிரி எரிபொருள் அல்ல. அது தானாக எரியாது. 1799-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்ற இளம் விஞ்ஞானி அதைச் சுவாசித்துப் பார்த்துச் சொக்கிப்போனார். 'சிரிப்பூட்டும் வாயு' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1844-ல் அமெரிக்கப் பல் டாக்டர் ஹோரஸ் வெல்ஸ், அதைச் சுவாசித்தபடி தன் பல்லையே வலியில்லாமல் பிடுங்க வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில், காற்று மெலிந்துபோகும் உயரத்தில் விமான இன்ஜின் மூச்சுத் திணறாமல் இருக்க ஜெர்மானியர்கள் இதே வாயுவைச் செலுத்தினார்கள். கார்க்காரர்கள் கைக்கு வந்தது அதற்கும் பிறகுதான்.

அடுப்பங்கரை ஊதாங்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு எவ்வளவு இருந்தாலும் காற்றுப் போனால்தான் தீ பிடிக்கும். இன்ஜினும் அப்படியே. அது உறிஞ்சும் காற்றில் எடைக்கணக்கில் 23 சதவிகிதம்தான் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடில் 36 சதவிகிதம். சிலிண்டருக்குள் சூடு 300 டிகிரியை நெருங்கும்போது அந்த வாயு உடைந்து ஆக்சிஜனை வெளியே விடும். கூடவே அதற்கேற்ற பெட்ரோலையும் அனுப்பினால், அதே இன்ஜின் அதே நொடியில் கூடுதலாக எரிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பாட்டிலிலிருந்து திரவமாகப் பாயும் நைட்ரஸ், ஆவியாகும்போது மைனஸ் 88 டிகிரி வரை குளிரும். உள்ளே வரும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகும்.

'கூடவே அதற்கேற்ற பெட்ரோல்' என்றேன் இல்லையா? உயிர்நாடி அதுதான். ஆக்சிஜன் வந்து பெட்ரோல் குறைந்தால், சூடு கட்டுக்கடங்காமல் போகும். பிஸ்டன் அலுமினியக் கலவையில் ஆனது. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும்; சிலிண்டருக்குள் எரியும் தீயோ 2,000 டிகிரியைத் தாண்டும். நைட்ரஸால் செத்த இன்ஜின்கள் பலவற்றின் கதை, பெட்ரோல் போதாமல் செத்த கதைதான்.

கிலோமீட்டர் சொல்லாதது

பழைய இன்ஜினில் நைட்ரஸ் போடவே கூடாது என்று ஒரே போடாகப் போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, காலாகாலத்தில் ஆயில் மாற்றிய 2 லட்சம் கிலோமீட்டர் இன்ஜின், சிக்னலுக்கு சிக்னல் நின்று, ஆயில் கறுத்துக் குழம்பாகும் வரை ஓடிய 80,000 கிலோமீட்டர் இன்ஜினைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். ஓடோமீட்டர் தூரத்தை மட்டும்தான் எண்ணும்.

சரி, வயதான இன்ஜினில் எவையெல்லாம் தேய்ந்திருக்கும்? முதலில் பிஸ்டன் ரிங். பிஸ்டனின் சூட்டை சிலிண்டர் சுவருக்குக் கடத்தி, கூலன்ட்டிடம் ஒப்படைப்பது பெரும்பாலும் இந்த ரிங்குகள்தான். அவை தேய்ந்தால் சூடு பிஸ்டனிலேயே தங்கும். இன்ஜின் ஆயிலும் மேலே ஏறி பெட்ரோலோடு கலக்கும். ஆயில் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் குறையும். ஸ்பார்க் மூட்டிய தீ பரவி வரும்வரை பொறுக்காமல் தானாக வெடிக்கப் பார்க்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். வருடக்கணக்கில் படிந்த கார்பன் வேறு, சிலிண்டருக்குள் கங்கு மாதிரி கனன்று, எரியவேண்டாத நேரத்தில் தீ மூட்டும். சாதாரண ஓட்டத்தில் இதெல்லாம் 'டொக் டொக்' என்ற முனகலோடு போய்விடும். நைட்ரஸ் பாயும்போது அந்த முனகல் சம்மட்டி அடியாகிவிடும்.

அடுத்தது ஃப்யூவல் பம்ப். காரோடு பிறந்த பம்ப், தினசரி ஓட்டத்துக்குத் தேவையானதைத் தந்துகொண்டிருப்பதால் யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். கூடுதல் பெட்ரோல் கேட்கும் அந்த 10 நொடியில்தான் அது கைவிடும். பழைய காரில் நைட்ரஸ் போட நினைப்பவர் முதல் செலவை புது பம்ப்புக்கும் ஃபில்டருக்கும்தான் செய்ய வேண்டும் என்பேன். பாட்டில் அப்புறம். பேரிங், ஹெட் கேஸ்கட், கிளட்ச்... பட்டியல் நீளும், அவையும் தாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப் டிரக்குகளின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினை, காயலான் கடையில் சல்லிசாக வாங்கி நைட்ரஸோ டர்போவோ பூட்டிப் பார்க்கும் ஒரு கூட்டமே உண்டு. அவர்கள் ரிங்கைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ராவி அகலமாக்குவார்கள். சூட்டில் ரிங் நீளும்போது முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டனே உடைந்துவிடும் என்பதால்தான் இந்த வேலை. ஓடித் தேய்ந்த ரிங்கில் அந்த இடைவெளி ஏற்கெனவே கொஞ்சம் கூடியிருக்கும்! அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புது இன்ஜினைவிடப் பழசு தேவலை. ஆனால், இதை நம்பி பாட்டில் வாங்கிவிடக் கூடாது.

காது கொடுத்துக் கேளுங்கள்

பாட்டில் வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனைகள் இரண்டு. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் மாட்டி செல்ஃப் அடித்து கம்ப்ரெஷன் பார்ப்பது முதல் சோதனை. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவிகிதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தமானது. சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திவிட்டு, சத்தம் எங்கே வருகிறது என்று கேட்பது. சைலன்சரில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் நீர்க்குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். இதில் எங்காவது அளவுக்கு மீறிய கசிவு இருந்தால், நைட்ரஸ் பேச்சை அன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். அந்தப் பணத்தில் இன்ஜின் வேலை பார்ப்பது உத்தமம்.

எல்லாம் தேறினாலும், 4 சிலிண்டர் இன்ஜினுக்கு 40 முதல் 60 குதிரைத்திறன் வரைதான் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. ஓடிக் களைத்த இன்ஜின் என்றால் அதிலும் கீழ்ப்படியில் நிற்பது நல்லது. இந்த அளவைத் தீர்மானிப்பது 'ஜெட்' எனப்படும், நடுவில் துளையிட்ட சின்ன உலோகத் துண்டு. ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், சில நிமிடங்களில் பெரிய துளையாக மாற்றிவிடலாம். முதல் வாரம் 50, அடுத்த வாரம் 75, நண்பன் எதிரில் நின்றால் 100... இந்த சுலபம்தான் பயமுறுத்துகிறது.

பட்டனுக்கும் ஒழுங்கு உண்டு. ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டு, இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்-மைத் தாண்டிய பிறகே நைட்ரஸ் பாய வேண்டும். காரணம் எளிது. பாட்டிலிலிருந்து நொடிக்கு வரும் அளவு மாறாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைக்கும் பங்கு கூடிவிடும். 4,000-ல் கிடைப்பதைப்போல் 2,000-ல் இரண்டு மடங்கு! அந்த அடியில் கனெக்டிங் ராடே வளையலாம். இதைத் தவிர, ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் ஸ்பார்க் நேரத்தை 2 டிகிரி பின்னுக்குத் தள்ள வேண்டும். பிளக்கையும் ஒரு படி 'கூல்' ரகமாக மாற்றுவது நல்லது.

36.4 டிகிரி

இந்த எண்ணுக்கு மேல் நைட்ரஸ் ஆக்ஸைடு திரவமாக இருக்கவே இருக்காது. எவ்வளவு அழுத்தினாலும் சரி. பாட்டிலில் 900 முதல் 950 பி.எஸ்.ஐ அழுத்தம் இருந்தால்தான் கிட் கணக்குப்படி வேலை செய்யும். குளிர்காலத்தில் அழுத்தம் குறையும் என்பதால் அமெரிக்காவில் பாட்டிலுக்கு மின் கம்பளி போர்த்துகிறார்கள். மே மாதச் சென்னையிலோ நிழலிலேயே 40 டிகிரி. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அழுத்தம் எல்லை மீறினால் பாட்டிலின் பாதுகாப்புத் தகடு கிழிந்து, மொத்த வாயுவும் வெளியேறும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது நடந்தால், ஓட்டுபவருக்கு மூச்சு முட்டும்.

நம்மூரில் இன்னொரு தடையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. மீறினால் அபராதம், சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு. வேகம் காட்டுவதற்கு அமெரிக்காவிலும் பொதுச்சாலை இடமில்லை. அதற்கென்றே டிராக் ஸ்ட்ரிப்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் யாரும் சொந்தக் காரை 402 மீட்டர் தூரம் விரட்டிப் பார்க்கலாம்.

அங்கே அனுபவசாலிகள் ஓட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அதன் வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துத் துருவுகிறார்கள். பொடிப்பொடியாக வெள்ளி நிறப் புள்ளிகள் தெரிந்தால், அது பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். பாட்டிலின் வால்வை மூடிவிட்டு, கார் இன்னும் சொந்தக் காலில் ஓடும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.