இடம் மாறினாலும் தொடர்பு மாறலாகாது

உடன் தொழில் செய்வோரும் நம்மிடம் சரக்கு வாங்குவோரும் என்றும் நம் பக்கத்திலேயே இருப்பார்கள் என்று எண்ணுவது பேதைமை. மும்பைத் தமிழ் மக்களுக்கு இவ்வுண்மையைத் தாராவியின் தோல் தொழில் நன்கு காட்டும்.

முன்னாளில் பாந்திராவில் கசாப்புக்கூடம் இருந்தது. அதனை அடுத்த தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பலர் தோல் பதனிடும் சாலைகளை நிறுவினர். மற்றும் பலர் அவற்றில் பாடுபட்டனர். 1971ஆம் ஆண்டில் கசாப்புக்கூடம் தேவ்னாருக்குச் சென்றது. மாசுக் கட்டுப்பாடுகள் வந்தபின் பதனிடும் சாலைகளும் பெரும்பாலும் தாராவியை விட்டு அகன்றன. 2015இல் காளைகளையும் எருதுகளையும் கொல்லலாகாது என்னும் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வரவே, உள்ளூர்த் தோல் வரவு மேலும் சுருங்கிற்று. ஆயினும் பையும் பெல்ட்டும் மணிபர்சும் தைக்கும் பட்டறைகள் நின்றுவிடவில்லை. சென்னை, கான்பூர், கொல்கத்தா முதலிய நகரங்களிலிருந்து பதனிட்ட தோலை வரவழைத்துத் தொழில் நடத்துகின்றன.

இத்தகைய சிறு தொழிலில் கடனுக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் வாக்கின் பேரில்தான். தொலைவிலுள்ள வணிகர் முன்பின் அறியாதவரை நம்பிச் சரக்கு அனுப்புவாரா? "இவரை நான் அறிவேன்" என்று சொல்ல ஒரு பழைய தரகரோ, இடம்பெயர்ந்த கூட்டாளியோ வேண்டும். அவரோடு தொடர்பை விட்டவர் சரக்கை மட்டும் இழப்பதில்லை. தம் நாணயத்திற்குரிய சாட்சியையே இழந்துவிடுகிறார்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அலுவலக அன்பர்களுக்கும் இது பொருந்தும். செம்பூரை அடுத்த பர்மா ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1976இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் எனப் பெயர் பெற்றது. வாயிலில் பெயர் மாறினால் உள்ளே உழைப்பவர் அனைவரும் அன்றே மாறிவிடுவதில்லை. ஆதலின் கம்பெனியின் பெயரை மட்டும் குறித்துவைத்தல் போதாது. மனிதரின் பெயர், சொந்த ஊர், வீட்டு விலாசம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் நாமே தவறியதுண்டு. பல்லாண்டுகள் நமக்கு வேலை தந்துவந்த அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றார். விடைபெறும் நாளில் மாலை சூட்டினோம். விலாசம் கேட்டு வாங்கவில்லை. அவருக்குப் பின் வந்தவருக்கு நாம் யாரோ! இரண்டு ஆண்டுகள் கழித்து நற்சான்று ஒன்று தேவைப்பட்டபோதுதான் அவரைத் தேடினோம். அவர் காலமாகிவிட்டார் என்ற செய்தியே கிடைத்தது. சான்று கிடைக்காதது பெரிதன்று. அவர் நோயுற்றிருந்த நாளில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்துவிட்டோமே என்பதுதான் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

செய்யவேண்டுவன சிலவே. பிரிகிறவருக்குரிய பாக்கியை அவர் புறப்படுமுன் தீர்த்துவிட வேண்டும். அவர் இடத்திற்கு வருபவரிடம் நம்மை அறிமுகம் செய்துவைக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், உதவி எதுவும் கேளாமல், நலம் விசாரித்து நாலு வரி எழுத வேண்டும். வேலை மாறிச் செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல்: பழைய முதலாளியின் வாடிக்கைக்காரரைக் கண்டு நலம் விசாரிப்பது பண்பு, அவரைக் கலைத்துத் தம் பக்கம் இழுத்துக்கொள்வது பண்பன்று.

வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், பழைமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நெடுநாள் பழகிய உரிமையை அவர் அத்துணைப் பெரிதாக மதித்தார்.

தாராவியைப் புதுப்பிக்கும் திட்டம் செயற்படத் தொடங்கியுள்ள இந்நாளில், அடுத்த பட்டறையாரும் எதிர்வீட்டாரும் வெவ்வேறு திசைகளில் பிரிந்துபோக நேரலாம். மூட்டை கட்டுமுன், அவர்கள் செல்லும் இடத்தை எழுதி வாங்கிக்கொள்வோமாக. நம் இடத்தையும் எழுதிக் கொடுப்போமாக.