மங்கலானதும் தெரிகிறதா?

மாலை மங்கும் வேளையில் பிள்ளை வரம்பில் தடுக்கி விழுகிறதா? பென்சிலால் மெல்லிதாக எழுதியதை வாசிக்கத் திணறுகிறதா? "கவனமில்லாத பிள்ளை" என்று ஏசுமுன் நாம் சற்று யோசிப்போம்.

கண் சோதனைக்கு வழக்கமாகக் காட்டும் எழுத்து அட்டையை 1862இல் ஒல்லாந்து நாட்டு வைத்தியர் ஸ்னெலன் வெளியிட்டார். அதில் எழுத்துகள் நல்ல கறுப்பு. அளவுதான் சிறுத்துக்கொண்டு போகும். அதை முழுதாக வாசிக்கும் பிள்ளைக்கும், மண்நிறப் படியோ, தேய்ந்த கரும்பலகையில் வெண்கட்டி எழுத்தோ தெரியாதிருக்கலாம். கண்புரை, விழித்திரை நோய், பார்வை நரம்பு நோய் என்பன இதற்குக் காரணமாகலாம்.

இக்குறையை அளக்க 1988இல் பெல்லி, ரொப்சன் என்போர் வேறோர் அட்டை செய்தனர். அதில் எழுத்துகள் ஒரே அளவு. கருமைதான் படிப்படியாகக் குறையும். எழுத்தறியாச் சிறுவருக்கென பின்லாந்துக் கண் வைத்தியர் லியா ஹைவரினன் முகப்பட அட்டைகளை ஆக்கினார். ஓர் அட்டையில் முகம், மற்றது வெறுமை. இரண்டையும் எதிரெதிராக நகர்த்துவார்கள். பிள்ளையின் கண் முகத்தின் பின்னே போனால் அதற்குத் தெரிகிறது. பிறகு இன்னும் மங்கிய முகத்தைக் காட்டுவார்கள்.

இருட்டில் மட்டும் தடுமாறினால் விற்றமின் ஏ குறைவாகவும் இருக்கலாம். அதற்கும் வைத்தியரிடம் காட்டவேண்டும். முருங்கை இலையும் பப்பாசிப் பழமும் அன்றாட உணவில் சேரட்டும்.

பூவரசங்குளத்தில் இடம்பெயர்ந்து, பாடசாலை மாறி மாறிப் படித்த பிள்ளைகளுக்குச் சோதனை தவறியிருக்கலாம். கண் கிளினிக்கில், "எழுத்து வாசிக்கிறது, மங்கலானது தெரியுதில்லை" என்று சொல்லுங்கள். அதுவரை கொப்பியில் தடித்த கறுப்புக் கோடும், முன்வரிசை இடமும், நல்ல வெளிச்சமும் கொடுப்போம்.