பல கம்பெனி, ஒரே மரபணு: பருத்தி விதை சொல்லும் பாடம்

விதைக் கடையில் பருத்தி விதை கேட்டால், பத்து கம்பெனிகளின் பாக்கெட்டுகளை எடுத்து வைப்பார்கள். பெயரும் படமும் வேறு வேறாக இருக்கும். ஆனால், காய்ப்புழுவைத் தடுக்க உள்ளே வைக்கப்பட்டிருக்கும் மரபணு பெரும்பாலும் ஒன்றுதான். கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஆராய்ச்சிக் கூட்டுதான் இதற்குக் காரணம். அந்தக் கூட்டு விவசாயிக்குக் கொடுத்தது என்ன, கொடுக்காமல் விட்டது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

கூட்டு பிறந்த விதம்

அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனம் 1998-ல் மகாராஷ்டிரத்தின் மஹிகோ விதை நிறுவனத்தில் 26 சதவீதப் பங்குகளை வாங்கியது. பின்னர் இருவரும் சம பங்கு போட்டு ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். புழுவைக் கொல்லும் மரபணு ஒருவரிடம் இருந்தது. நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பருத்தி மற்றவரிடம் இருந்தது. 2002 மார்ச்சில் மூன்று பி.டி. வீரிய ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது.

அடுத்து, இதே மரபணுவைப் பயன்படுத்தும் உரிமம் மற்ற விதை நிறுவனங்களுக்கும் விற்கப்பட்டது. சேலம் மாவட்டம் ஆத்தூரைச் சேர்ந்த ராசி விதை நிறுவனத்தின் ஆர்.சி.எச்.2 பி.டி. ரகம் 2004-ல் அனுமதி பெற்றது. காலப்போக்கில் உரிமம் வாங்கிய நிறுவனங்கள் நாற்பதைத் தாண்டின. ரகங்களின் எண்ணிக்கையும் ஆயிரத்தைக் கடந்தது.

கிடைத்த லாபம்

ஒரு சிறிய கம்பெனி தனியாக மரபணு ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், ஆய்வுக்கூடம், பாதுகாப்புப் பரிசோதனை, அனுமதி என்று பல ஆண்டுகளும் பல கோடிகளும் ஆகும். கூட்டு அந்தச் செலவைக் குறைத்தது. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. பருத்தி பரவியது. 2001-02-ல் ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு மகசூல், 2013-14-ல் 550 கிலோவைத் தாண்டியது. குஜராத்தில் விரிந்த பாசனம், கூடுதல் உரம், புதிய பூச்சிமருந்துகள் ஆகியவற்றுக்கும் இந்த உயர்வில் பங்கு உண்டு.

கொடுத்த விலை

தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் ரூ.1,600-க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி மரபணுவுக்கான உரிமத் தொகை. ஆந்திர அரசு 2006-ல் வழக்குத் தொடுத்த பிறகே விலை இறங்கியது. 2016 முதல் மத்திய அரசே விலையை நிர்ணயித்தது. அந்த ஆண்டு இரண்டு மரபணு கொண்ட விதைக்கு ரூ.800 என்றும், அதில் உரிமத் தொகை ரூ.49 என்றும் முடிவானது. அதே ஆண்டு, களைக்கொல்லியைத் தாங்கும் புதிய பருத்திக்கான விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

'உரிமத் தொகை இல்லாவிட்டால் புதிய ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள்?' என்று கம்பெனிகள் கேட்கின்றன. அது நியாயமான கேள்விதான். விவசாயியிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 'எல்லோரும் ஒரே இடத்தில் மரபணுவை வாடகைக்கு எடுத்தால், அது தோற்கும் நாளில் மாற்று எங்கே?'

அந்த நாளும் வந்தது. குஜராத்தில் இளஞ்சிவப்பு காய்ப்புழு முதல் மரபணுவுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றதை 2010-ல் மான்சான்டோவே அறிவித்தது. சில ஆண்டுகளில் இரண்டு மரபணு விதையும் அந்தப் புழுவிடம் தோற்றது. 2017-ல் மகாராஷ்டிரத்தில் பெரும் சேதம். ஆயிரம் ரகங்கள் இருந்தும் புழுவின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பருத்திதான். வேறு மரபணு கொண்ட விதைகள் 2006-லேயே அனுமதி பெற்றிருந்தாலும், அவை சந்தையில் பெரிதாக வளரவில்லை.

இன்னொரு வகைக் கூட்டு

கம்பு பயிரில் வேறு மாதிரி ஒரு கூட்டு நடக்கிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், 2000-ல் விதை நிறுவனங்களை ஒன்று சேர்த்தது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. இக்ரிசாட் பல வகையான பெற்றோர் வரிசைகளை உருவாக்கித் தருகிறது. அவற்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த ஒட்டு ரகத்தை உருவாக்கிக்கொள்கிறது. அரசு ஆய்வு நிலையங்களுக்கும் இந்த வரிசைகள் கிடைக்கின்றன.

இதன் அருமை கம்பு விவசாயிக்குப் புரியும். 1965-ல் வந்த முதல் ஒட்டுக் கம்பும் அடுத்து வந்தவையும் ஒரே தாய் வரிசையில் பிறந்தவை. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது அவை மொத்தமாகச் சாய்ந்தன. தாய் வரிசைகள் பலவாக இருந்தால், ஒன்று சாய்ந்தாலும் இன்னொன்று நிற்கும்.

ஆக, கூட்டு சேர்வதில் தவறில்லை. கூட்டின் முடிவில் சந்தைக்கு வருவது பல வழிகளா, ஒரே வழியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியது

* கம்பெனியை மாற்றினால் புழு போய்விடும் என்று நம்ப வேண்டாம். வயது, வறட்சி தாங்கும் திறன், சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

* 150 நாட்களுக்குள் முடியும் ரகம் நல்லது. நீண்ட நாள் நிற்கும் செடிதான் இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்கு வீடு. மறுதாம்பு விடாமல், பருத்திமாறை உடனே அப்புறப்படுத்துங்கள்.

* பி.டி. அல்லாத விதை முன்பு பாக்கெட்டுடன் தனியாக வந்தது; இப்போது பி.டி. விதையுடன் கலந்தே வருகிறது. கலந்தபடியே விதையுங்கள். புழு எதிர்ப்புத் திறன் பெறுவதை அது தள்ளிப்போடும்.

* ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு 8 அந்துப்பூச்சிகள் விழுந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது.

* உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மொத்தமாக விதை வாங்கும்போது, நம் வட்டாரத்தில் நடந்த வயல் சோதனையின் முடிவை எழுத்தில் கேளுங்கள். தனி ஆள் கேட்டால் தட்டிக்கழிப்பவர்கள், ஐந்நூறு பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனிகள் கூட்டு சேரும்போது, விவசாயிகளும் சேரத்தானே வேண்டும்.