கருவறையில் ஓர் அமானிதம்

தஞ்சை வட்டார வயல்களில் நடவு நடும் பெண்களிடையே வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கருவுற்ற பின்னரும் அதனை விட இயலாதோர் உளர். மதுவுக்கு ஆட்பட்டோரும் சிலர் உளர். இவ்விரண்டின் நஞ்சும் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைகிறது. புகையிலை, எடைக் குறைவுக்கும் குறைப்பிரசவத்திற்கும் வழிகோலும். மது, மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பேறுகாலத்திற்கு முந்தைய ஒவ்வொரு பரிசோதனையிலும் மது, போதைப் பழக்கம் குறித்துக் கர்ப்பிணிகள் அனைவரிடமும் விசாரிக்கப் பரிந்துரைக்கின்றன. அனைவரிடமும் கேட்கும்போது எவரும் தனித்துச் சுட்டப்படுவதில்லை. மதுவுக்கு அடிமையானவர் தாமாகவே திடீரென நிறுத்தினால் வலிப்பு நேரலாம். மருத்துவமனையில் தங்கி, கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. ஆகவே, மறைப்பது தாய்க்கும் சேய்க்கும் கேடு.

மறைப்பதற்குக் காரணம் ஏச்சுக்கு அஞ்சுவதே. ஜுஹைனா குலத்துப் பெண்ணொருவர் கருவுற்ற நிலையில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்டனையைப் பிரசவம் வரை ஒத்திவைத்து, அவரை நல்ல முறையில் பராமரிக்குமாறு பொறுப்பாளரைப் பணித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. மது ஹராம் என்பதில் ஐயமில்லை. வயிற்றிலுள்ள சிசுவோ குற்றமற்றது. தாயைப் பேணாமல் அதனைப் பேண இயலாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரிடமோ அத்தாய் அச்சமின்றி உண்மையைச் சொல்ல வழிசெய்வது கணவர், மாமியார் ஆகியோரின் கடமையாகும்.