முதுமையெய்தும் தீயணைப்பு வண்டிகள்

1922 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20 ஆம் நாள், நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியிலே, 205 ஆம் இலக்கத் தீயணைப்பு அணியின் குதிரைகள் இறுதி முறையாக வண்டியிற் பூட்டப்பெற்று வீதியில் விரைந்தன. அவற்றின் இடத்தை மோட்டார் வண்டி ஏற்றது. அன்றோடு அம்மாநகரத் தீயணைப்புப் படையில் குதிரையின் காலம் முடிந்தது. இத்தகைய மாற்றங்கள் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுவதாக எண்ணுவது நம்மனோர் இயல்பு. ஆயின் இம்மாற்றத்துக்குப் பத்தாண்டுக்கு மேற் சென்றது.

ஏன் அத்துணைக் காலம்? குதிரைகள் இழுத்த நீராவிப் பம்புகள் அக்காலத்திலும் செவ்வையாகவே நீரிறைத்தன. நல்ல கொதிகலன் எளிதில் அழிவதன்று. அதனை வீசிவிட்டுப் புதிது வாங்குமாறு வரிசெலுத்தும் மக்களிடம் எவ்வாறு கேட்பது? இவ்விடர்ப்பாட்டுக்கு ஜோன் வோல்ற்றர் கிறிஸ்ரி என்னும் பொறியியலாளர் ஒரு வழி கண்டார். பழைய நீராவி வண்டியின் முன் அச்சைக் கழற்றி, அவ்விடத்தில் இரண்டு சில்லுகளையுடைய மோட்டார் இழுவையைப் பொருத்தினார். குதிரை விலகியது, கொதிகலன் தொடர்ந்து புகைந்தது. நியூயோர்க் உட்படப் பல நகரங்கள் இவற்றை வாங்கின. (இதே கிறிஸ்ரி பின்னர்ப் போர்த்தாங்கிகளை வடிவமைத்தார். சோவியத் நாட்டின் புகழ்பெற்ற ரி-34 தாங்கியின் சில்லுத் தொங்கமைப்பு அவர் வழி வந்ததே.) அரைகுறை ஏற்பாடு என்று இதனை நகைப்பாருமுளர். எம் கருத்து வேறு. ஒரு பொறியில் எந்த உறுப்பு மூத்தது, எது இன்னும் உழைக்கும் என்று பிரித்தறிவதே திட்டமிடுதலின் முதற்படியன்றோ?

ஆண்டுக்கணக்கு மட்டுமே முதுமையாகாது. 1911 மார்ச் 25 ஆம் நாள், அதே நியூயோர்க்கில் ட்ரையாங்கிள் ஆடைத்தொழிற்சாலை எரிந்தது. தீ மூண்டது எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில். படையினர் விரைந்து வந்தனர். அவர்களுடைய ஏணியோ ஆறாம் மாடியளவே எட்டிற்று. 146 உயிர்கள் மாண்டன, பெரும்பாலோர் இளம்பெண்கள். நகரம் வானோக்கி வளர்ந்திருந்தது, ஏணி வளரவில்லை. 1904 இல் பால்ற்றிமோர் நகரம் எரிந்தபோது, அயல் நகரங்களிலிருந்து உதவிக்கு வந்த படைகளின் நீர்க்குழாய்கள் அந்நகரின் நீர்வாய்களிற் பொருந்தாது போயின. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பராயின. தத்தம் விருப்பப்படி கருவி வாங்கியதன் பயன் அது.

இக்காலத்து அமெரிக்காவில், 15 ஆண்டு கடந்த வண்டியை முன்னணிச் சேவையிலிருந்து விலக்கிச் சேமவண்டியாக வைத்தல் வேண்டும், 25 ஆண்டு கடந்ததை நீக்கிவிடுதல் வேண்டும் எனத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அறிவுறுத்தியுள்ளது. எனினும் வண்டியின் வயதை அறியத் தூரமானியை நோக்குதல் வீண். எரியும் வீட்டின் முன் வண்டி ஓரடியும் நகராது நிற்க, அதன் எஞ்சின் மணிக்கணக்காக ஓடிப் பம்பை இயக்கிக்கொண்டிருக்கும். ஓடிய மைல் சிறிது. தேய்ந்த தேய்வோ பெரிது. ஆகவே எஞ்சின் உழைத்த மணிகளையும் எண்ணுகின்றனர். ஆண்டுதோறும் பம்பின் நீரிறைக்கும் வலிமையையும் சோதிக்கின்றனர்.

ஒரு நகரில் முப்பது வண்டிகள் உள எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் 15 ஆண்டு முன்னணியில் நிற்குமாயின், ஆண்டுக்கு இரண்டு வாங்கினாற் போதும். பணமுடையால் மூன்றாண்டு வாங்காது விட்டால் ஆறு வண்டிகள் பின்தங்கும். அக்குறை உடனே புலப்படாது. வரவுசெலவுக் கணக்கில் அது சேமிப்பாகவே காட்சியளிக்கும்! அண்மைக்காலத்தில் இன்னுமோர் இடர் சேர்ந்துள்ளது. வண்டிக்குக் கட்டளை கொடுத்தபின் அது வந்துசேர இரண்டு, மூன்று, சிலவிடத்து நான்கு ஆண்டும் செல்கின்றது. ஏணிவண்டி ஒன்றின் விலை இருபது இலட்சம் டொலரை எட்டிவிட்டது. எனவே பதினைந்தாம் ஆண்டில் வேண்டிய வண்டியைப் பன்னிரண்டாம் ஆண்டிலேயே கேட்டாக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மாற்று வேண்டுமென நகரசபையில் எழுந்து கேட்பவருக்கு யார் செவிசாய்ப்பார்?

வாங்குவதோடும் காரியம் முடிவதில்லை. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தைக் காட்டுத்தீ சூழ்ந்த வேளையில், அந்நகரப் படையின் நூற்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் திருத்துவோர் பற்றாக்குறையாற் சேவையின்றிக் கிடந்தன எனச் செய்திகள் வெளியாயின.

நிற்க. நியூயோர்க்கின் பழைய தீயணைப்பு நிலையங்கள் பல, குதிரைக் காலத்திலே கட்டப்பெற்றவை; இன்றும் பயன்படுபவை. அவற்றின் வாயில்கள் குதிரை வண்டிக்கு அளவெடுத்து அமைத்தவை. ஆதலின் புதிய வண்டிக்குத் திட்டம் வரைவோர், எஞ்சினின் வலிமையையும் பம்பின் கொள்ளளவையும் மட்டுமன்றி, அந்தப் பழைய வாயில்களின் அகலத்தையும் கணக்கிற் கொண்டே வரைகின்றனர்.